காகங்களுக்குத் தெரிந்த முகம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், யுத்தம் எங்கள் எல்லோருடைய அன்றாடத்துக்குள்ளும் வந்து குந்தியிருந்த காலத்தில் நடந்தது இது. திருகோணமலையில் உட்துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு ஒழுங்கையில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மறக்க முடியாத நாள் எது என்று யாராவது கேட்டால் நான் கல்யாண நாளைச் சொல்லவேண்டும் என்றுதான் என் கணவர் எதிர்பார்ப்பார். நான் சொல்வது ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கழிந்த கொஞ்ச நேரத்தை.

அதற்கு முதல் என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. எனக்கு முகங்கள் மனதில் நிற்பதில்லை. கண் பழுதில்லை, இந்த வயதிலும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோப்பேன். முன்னால் இருப்பவரின் கண், மூக்கு, வாய் எல்லாம் தெளிவாகத் தெரியும். அவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டால் எல்லாம் கலைந்துபோகும். மறுபடி பார்த்தால் புது ஆள்தான். ஆட்களை நடையிலும் குரலிலும் தலைமுடியிலும் உடுப்பிலும்தான் கண்டுபிடிப்பேன். கூடப் படித்தவளைச் சந்தையில் கண்டும் பேசாமல் வந்துவிடுவேன். படித்த கொழுப்பு என்று ஊரில் கதைத்தார்கள். நானும் என்னைக் கவனமில்லாதவள் என்றே நினைத்திருந்தேன். மூளையில் முகங்களை அறிகிற பகுதி சிலருக்குச் சரியாக வேலை செய்யாது, அதற்கு ஒரு பெயரும் இருக்கிறது என்று ஒரு வைத்தியர் சொன்னது வெகுகாலத்துக்குப் பிறகுதான்.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையும் அவருடைய ஒன்றுவிட்ட தம்பியும் ஒரே மாதிரி வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்கள். தேத்தண்ணி கொடுத்துவிட்டு உள்ளே வந்தபோது எவர் மாப்பிள்ளை என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் வெட்கம். இருவரில் ஒருவருக்குக் குரல் நன்றாக இருந்தது. அவராக இருக்கட்டும் பிள்ளையாரே என்று நேர்ந்துகொண்டு ஓம் என்று சொன்னேன். நல்லகாலம், அவர்தான்.

அவர் மரம் அரிந்து விற்கிற மரக்காலை ஒன்றில் கணக்கெழுதுகிற வேலையில் இருந்தார். கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் என் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பஸ் நிலையத்தில் அவர் சிரித்துக்கொண்டு என்னை நோக்கி வர, நான் யாரோ போகிறார் என்று வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். வேறு ஒருவராக இருந்தால் அன்றைக்கே தாய் வீட்டுக்கு அனுப்பியிருப்பார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வெளியில் எங்கே சந்தித்தாலும் நாலடி தூரத்திலேயே "இஞ்சாரும், நான்தான்" என்று பேசத் தொடங்குவார். இதைப் பற்றி நாங்கள் உட்கார்ந்து பேசியதே இல்லை. அது அப்படியே எங்கள் வழக்கமாகிவிட்டது.

நான் அப்போது விலங்கியல் கடைசி வருஷம். பாதை மூடுவதும் திறப்பதுமாக இருந்ததால் பல்கலைக்கழகத்துக்குப் போக ஏலவில்லை. கடைசி வருஷத்து ஆய்வை, வீட்டில் இருந்தபடி எதை வைத்துச் செய்ய முடியுமோ அதை வைத்துச் செய்யும்படி விரிவுரையாளர் சொல்லி அனுப்பினார். வீட்டில் என்ன இருந்தது? ஒரு வேப்பமரம், அது நிறையக் காகம். மீன்சந்தை கிட்ட இருந்ததால் எங்கள் பக்கத்தில் காகங்களுக்குப் பஞ்சமே இல்லை.

ஆய்வுக்கான கேள்வியையும் காகங்களே தந்தன. ஒருநாள் கூட்டிலிருந்து ஒரு குஞ்சு விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பூனை பதுங்கி வருவதைக் கண்டு என் கணவர் ஓடிப்போய்க் குஞ்சை இரண்டு கையாலும் தூக்கி, மதிலில் ஏறி, ஒரு கிளையில் வைத்தார். உயிரைக் காப்பாற்றிய மனிதர். ஆனால் காகங்கள் கண்டது, தங்கள் பிள்ளையைப் பிடித்து வைத்திருந்த ஒரு கள்ளனை. அன்றிலிருந்து அவர் படலையைத் திறந்தால் போதும், முழு வேப்பமரமும் எழும்பிக் கத்தும். பின்னாலிருந்து தாழப் பறந்து வந்து தலையில் தட்டிவிட்டுப் போகும். ஒழுங்கை முழுக்கத் துரத்தி, பள்ளிக்கூட மூலைவரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் திரும்பும். எனக்கோ ஒரு குறையும் இல்லை. மத்தியானம் நாங்கள் சாப்பிடமுதல் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைப்பது என் வேலை. நான் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு அவரைக் கொத்த வரும்.

அவரை இவை எதைக் கொண்டு அறிகின்றன, உடுப்பையா, நடையையா, முகத்தையா? இதுதான் என் ஆய்வு. அடுத்து வந்த மாதங்களில் அந்த மனிதரை நான் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. சாரம் கட்டி நடக்கவிட்டேன், காற்சட்டை போட்டு நடக்கவிட்டேன், நொண்டி நடக்கச் சொன்னேன். அவருடைய சேட்டைப் பக்கத்து வீட்டு அண்ணருக்குக் கொடுத்து அவருடைய சைக்கிளிலேயே போகவிட்டேன். அண்ணரைக் காகங்கள் திரும்பியும் பார்க்கவில்லை. என் கணவர் எந்த வேஷத்தில் வந்தாலும் கத்தின. முகத்தைத் துவாயால் சுற்றிக்கொண்டு போனபோது மட்டும் மரம் அமைதியாக இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் முகத்தை மூடிக்கொண்டு றோட்டில் போகிறது காகங்களை மட்டும் பாதிக்கிற விஷயமில்லையே. சந்தியில் இருந்த காவலரணில் ஒரு சிப்பாய் துவக்கை நீட்டி அவரை நிறுத்திவிட்டான். துவாயை அவிழ்த்து, பல்லுக்கொதி என்று பொய் சொல்லித் தப்பி வந்தார். அதன்பிறகு துவாய்ப் பரிசோதனை வீட்டு வளவுக்குள் மட்டும்தான்.

"காகத்துக்கு என்ர முகம் தெரியுது, கட்டினவளுக்குத் தெரியேல்ல" என்று நையாண்டி பண்ணுவார். நான் மட்டும் சும்மா இருப்பேனா? உங்கள் முகத்தைக் கண்டால் காகமே கத்துகிறது, அதில் நினைவு வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்பேன். அவரும் சிரித்துவிட்டுத் தலையைத் தடவிக்கொண்டு வேலைக்குப் போவார்.

அவரை நான் வீட்டில் அடையாளம் கண்டதெல்லாம் பெரும்பாலும் நெற்றியில் விழுகிற சுருட்டை முடியை வைத்துத்தான். ஒருநாள் பின்னேரம் சலூனில் வெக்கையைக் காரணம் சொல்லி அதை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து படலையில் நின்றார். நான் விளக்குமாறும் கையுமாக, யாரைத் தேடுறீங்கள் என்று கேட்டேன்.  காகங்களை வளர்க்கிற ஒரு அம்மா இந்த வீட்டில் இருக்கிறாவாம், அவவிடம் சாப்பாடு கிடைக்குமோ என்று பார்க்க வந்தேன் என்றார். அன்று இரவு சாப்பிடும்போது நினைத்து நினைத்துச் சிரித்தோம்.

அடுத்த நாள் விடியப்புறம் சுற்றிவளைப்பு.

ஆண்கள் எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். கதவைத் தட்டின சிப்பாய் முகம் கழுவவும் விடவில்லை. கட்டியிருந்த சாரத்தோடு ஒரு சேட்டைக் கொழுவிக்கொண்டு அவர் போய்விட்டார். போய்க் கனநேரம் கழித்துத்தான் கொடியில் தொங்கிய காற்சட்டைப் பையில் அவருடைய அடையாள அட்டையைக் கண்டேன்.  அட்டை இல்லாமல் பிடிபட்டால் முகாமுக்குக் கொண்டுபோவார்கள். முகாமுக்குப் போனவர்களில் திரும்பி வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு வீடுகளில் பெண்கள் இன்னும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு ஓடினேன். பள்ளிக்கூட வாசலில் என்னைப் போலப் பல பெண்கள். உள்ளே, சாக்கால் முகம் மூடிய ஒருவரை ஜீப்பில் இருத்தி, ஆண்களை ஒவ்வொருவராக அவருக்கு முன்னால் நடத்திக்கொண்டிருந்தார்கள். இப்படிக் காட்டிக்கொடுக்க வைக்கப்பட்டவரை நாங்கள் தலையாட்டி என்போம். அவர் தலையை ஆட்டினால் அந்த ஆளின் கதை முடிந்தது. என் கணவரைப் பார்த்துத் தலை ஆடவில்லை என்று வெளியே வந்த ஒருவர் சொன்னார். ஆனால் அட்டை இல்லாதவர்களை வேறாக இருத்தி வைத்திருக்கிறார்கள், வீட்டிலிருந்து யாராவது அட்டையோடு வந்தால் விடுவார்களாம் என்றார். அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதி மத்தியானம்வரைதான் நீடித்தது.

எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா, ஏதோ ஒரு பொடியனைத் தன் மகன், அட்டை தொலைந்துவிட்டது என்று சொல்லி மீட்கப் பார்த்தார். தனக்குத் தெரியாத பிள்ளைதான், யாராவது ஒரு தாய்க்காவது பிள்ளை வீடு வந்து சேரட்டும் என்ற எண்ணம். அப்படிப் பல பெண்கள் அப்போது செய்தார்கள். அதிகாரி தாயின் பெயரைக் கேட்க, பொடியன் தன் சொந்தத் தாயின் பெயரைச் சொல்லிவிட்டான். அதிகாரிக்குக் கோபம் தலைக்கேறியது. பொடியனை ட்ரக்கில் ஏற்றச் சொன்னார். இனிமேல் அட்டையை அவரிடம் கொடுத்துவிட்டு, பெண்ணே போய்த் தன் ஆளைத் தொட்டுக் காட்டவேண்டும், ஆண்கள் தலை குனிந்தபடி இருக்கவேண்டும், வாய் திறந்தாலோ கையைக் காலை ஆட்டினாலோ அவரும் ட்ரக்கில்தான் என்று உத்தரவு. அதற்குப் பிறகு அழைக்கப்பட்ட முதல் ஆள் நான்.

அதிகாரி அட்டையை வாங்கித் தன் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டார். "நோனா, புருஷன் எது? போய்த் தொடு. பிழை ஆளைத் தொட்டா, ரெண்டு பேரும் முகாம்" என்று உடைந்த தமிழில் சொன்னார்.

நாலு வரிசையாக ஆண்கள் நிலத்தில் இருந்தார்கள். எல்லோருடைய சேட்டையும் கழற்றி ஒரு மூலையில் குவித்திருந்தார்கள். எல்லோருக்கும் சாரம், எல்லோருக்கும் மீசை, வெயிலில் கறுத்த தோள்கள். நடை இல்லை, குரல் இல்லை, சேட்டு இல்லை. இருந்த சுருட்டை முடியும் சலூன் தரையில் கிடந்தது, அந்த வெக்கைக்கு ஒட்ட வெட்டின தலைகள் அங்கே நிறைய. முகத்தைப் பார்த்தாலே தெரியாத எனக்கு இப்போது முகமும் இல்லை, குனிந்த தலைகள்தான். முதல் வரிசையின் முன்னால் மெதுவாக நடந்தேன். ஒருவரும் அவரில்லை, எல்லோரும் அவர். கட்டின புருஷனின் முதுகில் ஒரு மச்சம் இருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்த்து வைக்காத பெண்ணா நீ என்று என்னையே திட்டினேன். தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? புருஷனைத் தெரியாத பெண்டாட்டி உலகத்தில் உண்டா? அவர் எங்கேயோ பத்தடிக்குள் இருக்கிறார், என்னாலேயே அவரை இழக்கப் போகிறேன்.

அதிகாரி பொறுமை இழந்து ஏதோ சிங்களத்தில் சொன்னார். அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு ஆள் தலையை நிமிர்த்தி மேலே பார்ப்பதைக் கண்டேன். என்னைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார். ஒரு சிப்பாய் போய்த் துவக்குப் பிடியால் தோளில் இடித்தான். தலை குனிந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி நிமிர்ந்தது. மறுபடி இடி. யாரடா இந்த விசரன், இவனால் மற்றவர்களுக்கும் அடி விழப்போகிறதே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

மூன்றாவது தரம் அந்த முகம் நிமிர்ந்தபோது மதிலோர வாகைமரத்திலிருந்து ஒரு காகம் கத்தியது.

நான் மாதக்கணக்காக அந்தக் குரலைக் கேட்டுக் குறிப்பெடுத்தவள். காகம் சோற்றுக்குக் கூப்பிடுவது ஒரு விதம், பருந்தைக் கண்டு கத்துவது ஒரு விதம். இது அடித்தொண்டையிலிருந்து இடைவிடாமல் வருகிற ஏச்சு. உலகத்திலேயே ஒரே ஒரு மனிதருக்காக எங்கள் வேப்பமரத்துக் காகங்கள் வைத்திருந்த ஏச்சு. பள்ளிக்கூட மூலை அவற்றின் எல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஒன்று கத்த இன்னொன்று சேர்ந்தது, பிறகு நாலைந்து, பிறகு ஒரு கூட்டம். மைதானத்துக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தின. சிப்பாய்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு காகம் சரிந்து இறங்கி மூன்றாவது வரிசையில் அந்த ஒட்ட வெட்டின தலையைத் தட்டிவிட்டு மேலே போனது. மற்றவர்கள் எல்லோரும் பயந்து ஒதுங்கினார்கள். தட்டு வாங்கியவர் அசையவே இல்லை.

நேரே அவரிடம் போய்த் தோளில் கையை வைத்தேன்.  அப்போதும் எனக்கு நூறு வீதம் நிச்சயம் இல்லை என்பதை நீங்கள் நம்பவேண்டும். இந்த ஊரில் காகக்குஞ்சைத் தூக்கிய இன்னொருவர் இருக்கமாட்டார் என்ற ஒரே துணிவுதான். அதிகாரி கிட்ட வந்து, அட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், என்னைக் காட்டி மனைவியின் பெயர் என்ன என்று கேட்டார்.

அவர் என் முழுப் பெயரையும் சொன்னார். தேத்தண்ணி கொடுத்த அன்று நான் கேட்டு ஓம் சொன்ன அதே குரல். நான் அந்தப் புழுதியிலேயே இருந்துவிட்டேன். புருஷனைக் கண்ட சந்தோஷம் என்று அதிகாரி நினைத்திருப்பார். உண்மைதான், அப்போதுதானே கண்டேன்.

வாசலைத் தாண்டும்போது, பொடியனை மீட்கப் பார்த்த அந்த அம்மா இன்னும் நின்றுகொண்டிருந்தார். ட்ரக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரைக் கடந்து நாங்கள் இருவரும் சேர்ந்து வீட்டுக்குப் போகிறதே பிழை போல இருந்தது. அந்தப் பொடியனுக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நல்ல காரியம் ஒன்று நடந்ததாக இந்தக் கதையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவனை நினைக்காமல் சொல்ல முடிவதில்லை.

ஒழுங்கை முழுக்கக் காகங்கள் எங்களைத் துரத்திக்கொண்டே வந்தன. வழக்கமாகக் கையை வீசிக்கொண்டு ஓடுகிறவர் அன்றைக்கு ஆறுதலாக நடந்தார்.

குசினி அடுப்பருகே அவரை இருத்தி, வீங்கியிருந்த தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே ஏசினேன். பயம் தெளியும்போது எனக்குக் கோபம்தான் வரும். தலையைக் குனியச் சொன்னால் குனிந்திருக்க வேண்டியதுதானே, அடிப்பார்கள் என்று தெரிந்தும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறதற்கு அங்கே என்ன தேரா ஓடியது என்று கேட்டேன்.

 அவர் சொன்னார்: "நீர் முதல் வரிசைக்கு முன்னால நடந்து என்னைத் தாண்டிப் போனதைக் கடைக்கண்ணால பாத்தனான். உமக்கு என்ர முகத்தைக் காட்டி என்ன பிரியோசனம்? அதுதான் காகத்துக்குக் காட்டினனான்."

 அவர் சொன்னதை நினைத்துச் சிரித்தேன், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அடி விழுகிற இடத்தில் குந்தியிருந்த நேரத்திலும், இவளுக்கு என்னைத் தெரியாது, இவள் தவறாகக் கையை வைத்துவிடுவாள், இவளுக்கு எது விளங்கும் என்று என்னைப் பற்றியே யோசித்திருக்கிறார். மரத்தில் காகம் வந்து இருக்கும்வரை முகத்தை நிமிர்த்தி நிமிர்த்தி அடி வாங்கியிருக்கிறார். மூன்று தரமும் வராமல் விட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். நாலாந்தரம் நிமிர்ந்திருப்பேன் என்றார்.

பாதை திறந்ததும் போய் ஆய்வைச் சமர்ப்பித்தேன். காகம் மனித முகத்தை அறியும், அதை மாதக்கணக்கில் மறக்காது என்பதுதான் முடிவு. கேள்வி கேட்க இருந்தவர்களில் ஒருவர், இதனால் மனிதனுக்கு ஏதாவது பயன் உண்டா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னிக்கவேண்டும் சேர் என்று சொல்லிச் சமாளித்தேன். எனக்குப் பதில் தெரியவில்லை என்று நினைத்து ஒரு புள்ளியைக் குறைத்திருப்பார் போல.

காலம் ஓடிவிட்டது. யுத்தம் முடிந்தது, நாங்கள் வீடு மாறினோம், அவருக்குத் தலையெல்லாம் நரைத்துவிட்டது. இன்றைக்கும் கோயில் கூட்டத்தில் அவரைத் தவறவிட்டால் என்னால் கண்டுபிடிக்க ஏலாது. ஒரு இடத்தில் அப்படியே நிற்பேன், அவர் வந்து பேசுவார். பிள்ளைகள் எங்களைப் பார்த்துப் பகிடி பண்ணுவார்கள், பண்ணட்டும். அன்பு என்று யாராவது பெரிய கதை கதைக்கும்போதெல்லாம், அடிக்கு அடி முகத்தை வானத்துக்கு நிமிர்த்திக்கொண்டிருந்த ஒரு மனிதர் என் மனதில் வந்து நிற்கிறார். தோள் தெரிகிறது, புழுதி தெரிகிறது, அந்த முகம் மட்டும் எனக்குத் தெரிவதே இல்லை, ஆனால் அது எனக்காகத்தான் நிமிர்ந்தது என்பது தெரியும்.